மனு கொடுத்து சுகாதாரக் கொள்கை மாறியதுண்டா?

கேள்வி: தொண்டியிலிருந்து ஒரு தம்பி, 9 ஜூலை 2024

அக்கா, நேற்று கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்கு நர்ஸ் போடச் சொல்லி மனு. ரசீது கொடுத்தார்கள், இது எட்டாவது ரசீது. நேராகவே கேட்கிறேன். மனு, கையெழுத்து, சங்கம், ஊர்வலம் என்று மக்கள் அலைந்ததால் இந்த நாட்டில் ஒரு சுகாதாரக் கொள்கையாவது மாறியிருக்கிறதா? மாற்றுவது டாக்டர்களும் கோர்ட்டும்தான் என்கிறேன். இல்லையென்றால் காட்டுங்கள்.

9 ஜூலை 2024, இரவு

மாறியிருக்கிறது தம்பி. ஆனால் நானும் நீங்களும் கொடுத்த மாதிரி மனுவால் மாறவில்லை.

2012-ல் என் தம்பிக்குக் காசநோய் வந்தது. தங்கச்சிமடத்திலிருந்து விசைப்படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். சளிப் பரிசோதனையில் உறுதியானதும் அவன் பெயர் எழுதிய ஒரு அட்டைப்பெட்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தது. ஆறு மாதத்துக்கான மொத்த மாத்திரையும் அதற்குள் இருந்தது. அப்போது அரசுத் திட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் மருந்து. திங்கள், புதன், வெள்ளி. முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு வேளையும் அங்கேயே போய், அவர்கள் கண் முன்னால் ஏழு மாத்திரையை விழுங்க வேண்டும்.

எங்கள் ராமேஸ்வரம் தீவில் விசைப்படகு கடலுக்குப் போகிற நாள் எதுவென்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. விடியலில் டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள்தான் கரை. ஆக, மாத்திரை நாளும் கடல் நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. மாத்திரைக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. இரண்டு வாரம் அப்படிப் போனால் படகில் அவன் இடத்தில் வேறு ஆள் ஏறிவிடுவான். மீன்பிடித் தடைக்காலமாக இருந்திருந்தால் கரையில்தானே கிடப்பான், ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பான். அவனுக்கு நோய் தெரிந்தது ஜூலையில்.

விட்டுவிட்டுச் சாப்பிட்டான். இரண்டு மாதம் எப்படியோ ஓடியது. அடுத்த நான்கு மாதம் வாரத்தின் முதல் வேளையை அங்கே சாப்பிட்டுவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்றார்கள். அதிலும் சிக்கல். அந்த மருந்து சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ஐந்தாறு பேர் ஒரு ராத்திரி முழுக்க ஒரே படகில் கிடக்கும்போது அதை எங்கே மறைப்பது? நோய் தெரிந்தால் ஒரே பானையில் சோறு போடமாட்டார்கள் என்று பயந்தான். கடலுக்குப் போகிற நாளெல்லாம் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். காலி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று பிரித்துக் கொட்டியும் இருக்கிறான். இது எனக்குத் தெரிந்தது மூன்று வருஷம் கழித்து.

10 ஜூலை 2024

மனு பற்றிச் சொல்ல வந்து தம்பி கதையில் நின்றுவிட்டேன்.

எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கும். 2012 ஆகஸ்டில் தம்பிக்காக ஒரு மனு எழுதினேன். "என் தம்பி ஏழை மீனவத் தொழிலாளி. அவனுக்கு மட்டும் கருணை கூர்ந்து மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." இதுதான் சாரம். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, விதிமுறைகளின்படி இயலாது என்று.

எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, விதியைத்தான் எழுதி அனுப்பினார்கள். அந்த விதி யாருக்காகப் போடப்பட்டது, கடலுக்குப் போகிறவன் அதற்குள் எப்படி அடங்குவான் என்று நானும் கேட்கவில்லை. அவனுக்கு மட்டும் விலக்குக் கேட்டேன். அப்போது எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் அதே பெட்டியில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து ஒரே மனு எழுதலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நோயை வெளியே சொல்ல வெட்கம் எல்லோருக்கும்.

குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை, கடல் நாளும் திங்கட்கிழமை. எங்கள் பக்கம் அந்த வரிசையில் நிற்பது எப்போதும் பெண்கள்தான் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

12 ஜூலை 2024

இப்போது மாறிய கதை.

தினமும் மருந்து கொடுப்பதுதான் நல்லது, முடிந்த இடத்திலெல்லாம் அப்படியே செய்யுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது. விட்டுவிட்டுக் கொடுத்தால் நோய் திரும்பி வருவதும் மருந்துக்கு மசியாத கிருமி உருவாவதும் அதிகம் என்பதுதான் பயம். தனியார் மருத்துவரிடம் போனவர்களுக்குத் தினசரி மருந்து. அரசிடம் போன ஏழைக்கு வாரம் மூன்று நாள். தினசரிக்கு மாறலாம் என்று முடிவெடுத்த பிறகும் முதலில் ஐந்து மாநிலங்கள் என்றார்கள், அதில் தமிழ்நாடு இல்லை.

ஃபரிதாபாத்தைச் சேர்ந்த டாக்டர் ராமன் கக்கர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2017 ஜனவரியில் நீதிமன்றம், ஒன்பது மாதத்துக்குள் நாடு முழுக்கத் தினசரி மருந்துக்கு மாறுங்கள் என்றது. அந்த வருஷக் கடைசிக்குள் மாறவும் செய்தார்கள். எடைக்கு ஏற்றபடி எண்ணிக்கை, பல மருந்து ஒரே மாத்திரைக்குள், வீட்டிலேயே வைத்துச் சாப்பிடலாம்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அழுதேன். சந்தோஷமா, கோபமா என்று இன்றைக்கும் பிரிக்கத் தெரியவில்லை. அந்த டாக்டர் ஒருவருக்காகவும் விலக்குக் கேட்கவில்லை, விதி தப்பு என்றார். என் மனுவுக்கும் அவர் வாங்கிய உத்தரவுக்கும் நடுவில் நாலரை வருஷம். அதற்குள் என் தம்பியின் காது போயிருந்தது. அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

14 ஜூலை 2024

ஒரு திருத்தம். மண்டபத்திலிருந்து ஒரு அண்ணன் தனியாக எழுதியிருக்கிறார். அவர் அந்தக் காலத்தில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தவர். "திங்கள்-புதன்-வெள்ளி மட்டும் இல்லைம்மா, செவ்வாய்-வியாழன்-சனி என்று இன்னொரு வரிசையும் உண்டு. கேட்டிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள்."

சரிதான். அந்த வரிசையில் சனிக்கிழமை மட்டும்தான் கடலோடு இடித்திருக்கும். வாரத்தில் இரண்டு வேளை போகிற இடத்தில் ஒரு வேளைதான் போயிருக்கும். அதனால் முதல் குறிப்பில் நான் எல்லாப் பழியையும் விதிமேல் போட்டது முழு உண்மை இல்லை. இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, இருக்கிறதா என்று கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. அண்ணன் சொன்னதை அப்படியே இங்கே வைக்கிறேன், யாரும் மறுபடி என் முதல் குறிப்பை மட்டும் எடுத்துப் பரப்ப வேண்டாம்.

21 ஜூலை 2024

தொண்டித் தம்பி, "பார்த்தீர்களா, டாக்டரும் கோர்ட்டும்தானே, நான் சொன்னது சரிதானே" என்று கேட்டிருக்கிறார். ஒரு வாரம் யோசித்தேன்.

பாதி சரி. ஆனால் கோர்ட்டுக்குப் போன டாக்டர் கையில் என்ன இருந்தது? பல வருஷ ஆராய்ச்சி இருந்தது, நோய் திரும்பி வந்தவர்களின் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் ஒரு ஆள், என் தம்பி மாதிரி. நோயாளி இல்லாமல் அந்த ஆதாரமே கிடையாது. அவன் வாயைத் திறந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். காசநோய்க்காரர்களை ஆசுபத்திரியில் அடைத்து வைக்கத் தேவையில்லை, வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆய்வு மையம். 1959-ல் முடிவு வந்தது. சேரியில், ஒண்டுக்குடித்தனத்தில் இருந்த ஏழை நோயாளிகள்தான் அதில் சேர்ந்தவர்கள். தினமும் இல்லாமல் இடைவெளி விட்டு, கண் முன்னால் கொடுக்கலாம் என்பதையும் அதே மையம் 1960-களில் சோதித்துப் பார்த்தது. ஆக, என் தம்பியை இடித்த அந்த மூன்று நாள் கணக்கின் வேரும் நம் ஊரில்தான் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு அது. ஏழைக்கு மருந்து தவறக் கூடாது, செலவும் கட்டுப்படியாக வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். விதி போட்டவர்களை எதிரியாக நினைத்து இதை எழுதவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். விதி வயதாகிப் போனபோது, வயதாகிவிட்டது என்று சொல்ல வேண்டியவன் அதைச் சாப்பிடுகிறவன்தான்.

சாப்பிடுகிறவர்களே சொன்னதற்கும் உதாரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1998-ல் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சேர்ந்து சிகிச்சைக்கான இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே கர்ப்பிணியிடமிருந்து குழந்தைக்கு நோய் போகாமல் தடுக்கிற நெவிரபின் மருந்தை அரசு ஒருசில இடங்களில் மட்டும் கொடுத்துவந்தது. இயக்கம் வழக்குப் போட்டது. 2002-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் எல்லாப் பொது மருத்துவமனையிலும் கொடுக்கச் சொன்னது. எனக்குப் பிடித்தது தீர்ப்பு இல்லை. அந்த இயக்கத்தில் சாதாரண ஆட்கள், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள்கூட, கிருமி எப்படிப் பெருகுகிறது, எந்த மாத்திரை அதை எங்கே தடுக்கிறது என்று உட்கார்ந்து படித்தார்கள். படித்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். அங்கேயும் கடைசியில் கோர்ட்டுதான், ஆனால் கோர்ட்டு வாசலுக்கு வந்தவர்கள் யார் என்று பாருங்கள்.

6 ஆகஸ்ட் 2024

இன்று ஏர்வாடி நாள். 23 வருஷம்.

மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் வருகிற தர்கா இருக்கிற ஊர் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். சங்கிலி இல்லையென்றால் ஓடியிருப்பார்கள்.

அம்மாவின் தோழி ஒருவர் தன் மகனை அங்கே வேறொரு காப்பகத்தில் விட்டிருந்தார். சேதி வந்ததும் எந்தக் காப்பகம் என்று தெரியாமல் தலைவிரிகோலமாகப் பஸ் ஏறிப் போனார். பையன் உயிரோடு இருந்தான். அவன் கணுக்காலில் இருந்த காய்ப்பை நான் பார்த்திருக்கிறேன். வாசலில் உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டே இருப்பான்.

தம்பி, உங்கள் கேள்விக்கு இந்தக் கடற்கரையிலேயே இருக்கிற பதில் இதுதான், கசப்பான பதில். மனநலச் சட்டம் 1987-லேயே வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் இப்படிப்பட்ட இடம் நடத்தக்கூடாது, அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. ஏர்வாடியில் சங்கிலி கட்டுவது ஊர் உலகத்துக்கே தெரியும். சட்டம் இருந்தும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கொட்டகை வாசலில் போய் நிற்க ஆள் இல்லை. தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. காப்பகங்கள் மூடப்பட்டன, நூற்றுக்கணக்கானவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்தது. எல்லா மாநிலங்களும் இப்படிப்பட்ட இடங்களைக் கணக்கெடுக்க வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் நடந்ததுதான் மெதுவானது, யாரும் பேசாதது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது. அதற்கு ஏற்றபடி பழைய மனநலச் சட்டத்தையே மாற்ற வேண்டும் என்று உரிமை அமைப்புகளும், நோயைக் கடந்து வந்தவர்களும், குடும்பங்களும் வருஷக்கணக்கில் வாதாடினார்கள், தங்களுக்குள்ளேயே சண்டையும் போட்டார்கள். 2017-ல் புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. அதன் 95-வது பிரிவு, எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. அந்த ஒரு வரிக்கு 16 வருஷம். அதைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பையனின் கணுக்கால்தான் ஞாபகம் வரும்.

7 ஆகஸ்ட் 2024

கீழக்கரையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார், நேற்று எழுதியதைப் படித்தால் தர்கா மேல் குற்றம் சொல்வது போல ஆகாதா என்று. அப்படி ஒரு சொல்கூட நான் நினைக்கவில்லை. அம்மாவின் தோழி வேளாங்கண்ணிக்குப் போகிறவர். அவரே ஏர்வாடிக்கும் போனார், ஏனென்றால் போக வேறு இடம் இல்லை. எல்லா மதத்துக்காரர்களும் அப்படித்தான் அங்கே வந்தார்கள். தப்பு, நம்பி வந்தவர்களைக் கட்டி வைத்துப் பணம் வாங்கிய காப்பகங்களில். பிற்பாடு தர்காவை ஒட்டியே மனநல மருத்துவரை உட்காரவைத்து, தொழுகையும் நடக்கட்டும் மருந்தும் கிடைக்கட்டும் என்று அரசு ஏற்பாடு செய்தது. குஜராத்தில் ஒரு தர்காவில் செய்து பார்த்த முறை அது. எனக்குத் தெரிந்து மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு. நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று யாரையும் கேட்கவில்லை.

15 ஆகஸ்ட் 2024, மாலை

கிராம சபைக்குப் போய்விட்டு வந்தேன். இந்த முறை மனு எழுதவில்லை, தீர்மானம் எழுதிக்கொண்டு போனேன்.

காரணம் சொல்கிறேன். இந்த வருஷம் மார்ச்சில் காசநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒன்றிய சுகாதார அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது, மூன்று மாதத்துக்கு வேண்டியதை உள்ளூரில் வாங்கிச் சமாளியுங்கள் என்று. 2017-ல் வந்த உத்தரவு அப்படியேதான் இருக்கிறது, தினசரி மருந்து நோயாளியின் உரிமை. அலமாரியில் மாத்திரை இல்லையென்றால் உரிமையை எதில் கலக்கிக் குடிப்பது? எங்கள் தெருவில் ஒரு சித்தி, கையில் மூன்று நாளைக்குத்தான் மாத்திரை இருக்கிறது என்று என்னிடம் வந்து நின்றபோது எனக்கு 2012 திரும்பி வந்த மாதிரி இருந்தது.

தீர்மானத்தில் இரண்டே விஷயம். ஒன்று, காசநோய் மருந்து எத்தனை நாளைக்கு இருப்பு இருக்கிறது என்று மாதா மாதம் முதல் தேதி ஆரம்ப சுகாதார நிலையப் பலகையில் எழுத வேண்டும். இரண்டு, கடலுக்குப் போகிறவர்களுக்கு 15 நாள் மருந்தைத் தண்ணீர் புகாத உறையில் கொடுக்க வேண்டும். யார் பெயரும் இல்லை. நோயாளி ஒருவர்கூட எழுந்து நின்று தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு பெரியவர் எழுந்து, உறை எதற்கு, படகுக்காரன் வாங்கிக்கொள்ள மாட்டானா என்றார். இன்னொருவர், இலங்கைக் கடற்படை படகோடு பிடித்துப் போனால் மாத்திரை என்ன ஆகும் என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் யோசித்திருக்கவே இல்லை. பிடிபடுகிறவன் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் அங்கே சிறையில் இருக்கிறான். சிகிச்சை அட்டையின் ஒரு நகல் அவன் பையில் இருந்தால் அங்கே இருக்கிற மருத்துவரிடம் காட்டலாம் அல்லவா? அதையும் மூன்றாவதாகச் சேர்த்தோம். தீர்மானம் நிறைவேறிப் பதிவேட்டில் ஏறிவிட்டது. பக்க எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

8 செப்டம்பர் 2024

தம்பியின் காது.

முதல் சிகிச்சை தோற்றபோது அவனை மறுபடி சிகிச்சை எடுப்பவர்களுக்கான இரண்டாம் வகையில் சேர்த்தார்கள். எட்டு மாத மருந்து, அதில் முதல் இரண்டு மாதம் 24 ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. பதினைந்தாவது ஊசிக்குப் பிறகு காதில் வண்டு இரைகிற மாதிரி இருக்கிறது என்றான். அப்புறம் தலை சுற்றல். அந்த மருந்து உள்காதைத் தாக்கும். கேட்பதையும் கெடுக்கும், உடம்பை நிலையாக நிறுத்துகிறதையும் கெடுக்கும். நோய் குணமாகிவிட்டது. ஆனால் அலையில் ஆடுகிற படகில் நிற்க முடியாதவன் கடலுக்கு எப்படிப் போவான்? இப்போது கரையில் உட்கார்ந்து வலை கட்டுகிறான். கூப்பிட்டால் இடது பக்கம் திரும்பிப் பார்ப்பான், அந்தக் காதில்தான் கொஞ்சம் கேட்கும்.

இதை இன்று எழுதக் காரணம், மருந்துக்கு மசியாத காசநோய்க்கு ஊசியே இல்லாத ஆறு மாத மாத்திரை முறையை ஒன்றிய அரசு இந்த வாரம் அனுமதித்திருக்கிறது. அதில் முக்கிய மருந்து பெடாகுயிலின். 2016-ல் அது இங்கே வந்தபோது நாட்டில் ஆறே இடத்தில்தான் கிடைத்தது. அதன் மேல் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி வைத்திருந்த காப்புரிமையை இன்னும் நீட்டிக்கக் கேட்டபோது, கூடாது என்று நம் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் போட்டவர்களில் இரண்டு பெண்கள் உண்டு. மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. இரண்டு பேருமே காசநோயிலிருந்து மீண்டவர்கள், இரண்டு பேருமே சிகிச்சையில் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் கம்பெனியின் விண்ணப்பம் தள்ளுபடியானது. மற்ற கம்பெனிகள் மலிவாகத் தயாரிக்க வழி திறந்தது.

ஜூலையில் நீங்கள் கேட்டபோதே இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் தம்பி. டாக்டரும் இல்லை, கோர்ட்டும் இல்லை. காது போன இரண்டு பெண்கள், சட்டத்தில் எந்தப் பிரிவு தங்களுக்கு இடம் கொடுக்கிறது என்று தெரிந்துகொண்டு எழுதிப் போட்ட ஒரு காகிதம். பின்னால் வக்கீல்களும் அமைப்புகளும் இருந்தார்கள் என்பதும் உண்மை, தனியாக முடிகிற வேலை இல்லை அது. இந்தச் செய்தியை எழுதிக் காட்டினேன் என் தம்பிக்கு. இரண்டு முறை படித்துவிட்டு, "அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆச்சா" என்று கேட்டான். அவனுக்கு இன்னும் ஆகவில்லை.

3 நவம்பர் 2024

மூன்று விஷயம், சுருக்கமாக.

காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் 2018-லிருந்து கொடுக்கிறார்கள், இந்த மாதத்திலிருந்து 1000. வங்கிக் கணக்கு எண் தராதவர்கள் தெருவில் இருந்தால் சொல்லுங்கள், பலருக்கு அங்கேதான் நிற்கிறது.

பலகையில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அக்டோபர் 1 எழுதினார்கள், நவம்பர் 1 விட்டுப்போனது, நான் போய்க் கேட்டதும் நேற்று எழுதினார்கள். உறை இன்னும் வரவில்லை. சித்தி வீட்டில் தாங்களே ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கியிருக்கிறார்கள்.

தொண்டித் தம்பி ஒன்பதாவது மனுவை அனுப்பி, பார்த்துத் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார். முதல் பத்தியை முழுக்க அடித்திருக்கிறேன் தம்பி, கருணையும் தாழ்மையும் வேண்டாம். அந்தத் துணை சுகாதார நிலையத்தில் எந்தத் தேதியிலிருந்து நர்ஸ் இல்லை, அதற்குப் பிறகு எத்தனை கர்ப்பிணிகள் ஆட்டோ பிடித்து வெளியூர் போனார்கள், தடுப்பூசி நாள் எத்தனை முறை தள்ளிப்போனது, இதையெல்லாம் தேதி போட்டு எழுதுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். எட்டு ரசீதின் நகலையும் வரிசையாகப் பின்னால் இணையுங்கள். உங்கள் துணை நிலையத்தை நம்பி இருக்கிற மற்ற ஊர்ப் பெண்கள் நாலு பேரிடமாவது கையெழுத்து வாங்குங்கள். திங்கட்கிழமை நானும் ராமநாதபுரம் வருகிறேன், காலையில் பஸ் ஸ்டாண்டில் பார்க்கலாம்.